மஹய்யாவையில் ஓடிய கம்பியூட்டர்

“நான் அப்பவே சொன்னேனா இல்லையா மச்சான்? நல்ல புரொசெசரைக் கழட்டி வித்துட்டு, செத்துப்போன ஒன்ன மாட்டியிருக்கான். யாழ்ப்பாணத்தான் மூளை!” என்றான் ராஜலிங்கம்.

“மூளை ஈக்கிற ஆள் களவெடுத்துட்டு, அடுத்த நாளே அந்த மெஷினக் கடைக்குக் கொண்டுவந்து, எல்லாருக்கும் முன்னால சுவிட்சையும் போடுவாரா?” என்று கேட்டாள் ஸக்கியா.

“நீ போட்டோகொப்பி அடி புள்ள. இது ஆம்பளைங்க பேச்சு.”

“ஆம்பளைங்க பேசிப் பேசித்தான் மெஷின் இன்னம் கறுப்பா ஈக்குது.”

கண்டி, கொட்டுகொடெல்ல வீதி. ஒரு மாடிக்கடை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, பெரஹராவுக்கு முந்திய வாரம், செவ்வாய்க்கிழமை முற்பகல். அந்த வருடத் தொடக்கத்தில்தான் தலதா மாளிகையில் குண்டு வெடித்தது. பெரஹரா நெருங்க நெருங்கத் தெருவுக்குத் தெரு காவலரண் முளைத்துக்கொண்டிருந்தது.

கடை சேதுராமனுடையது. டைப்ரைட்டர் விற்ற அப்பாவிடமிருந்து கைக்கு வந்தது. டைப்ரைட்டரை யாரும் தேடாத காலம் வந்ததும் போட்டோகொப்பிக்கு மாறினார். இப்போது கம்பியூட்டர். ராஜலிங்கம் அவருடைய மனைவியின் தம்பி. கடையில் எல்லா வேலையும் தெரிந்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். ஸக்கியா கவுண்டரில் நிற்பவள், வயது இருபத்தொன்று. எதைப் பார்த்தாலும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. கடையின் போட்டோகொப்பி மெஷினை அவள் இரண்டு முறை கழற்றிப் பூட்டியது சேதுராமனுக்கு இன்றுவரை தெரியாது.

மேசைமேல் இருந்தது கடையின் முதல் விற்பனைக் கம்பியூட்டர். கொழும்பிலிருந்து பாகங்களை வாங்கி, கண்டியிலேயே பூட்டியது. பூட்டியவன் யோகேந்திரன். யாழ்ப்பாணத்தான். மஹய்யாவையில் வாடகை அறை, பூட்டும் வேலையும் அங்கேதான். அந்த வருடம்தான் அவனுடைய அக்கா பத்மாதேவி கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கண்டிக்கு வந்து அவனோடு சேர்ந்திருந்தாள்.

காலையில் நடந்தது இதுதான். அம்பிட்டியவில் வகுப்பு நடத்தும் அம்பிகைபாகன் மாஸ்டர் மெஷினை எடுத்துப் போக வந்திருந்தார். இது பிடித்தால் வகுப்புக்கு இன்னும் ஆறு. சேதுராமன் சந்தனம் குழைத்துத் தயாராக வைத்திருந்தார். கடையை விட்டுப் போகும் எந்த மெஷினுக்கும் நெற்றியில் ஒரு பொட்டு உண்டு. யோகேந்திரன் சுவிட்சை அழுத்தினான். விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. வழக்கமான ‘பீப்’ சத்தமும் இல்லை.

“நேற்றுப் பின்னேரம் வீட்டிலை நல்லா ஓடினது, சேர்” என்றான் யோகேந்திரன். முகம் வெளிறியிருந்தது. “ஒரு மணித்தியாலம் தாங்கோ.”

மாஸ்டர் தரவில்லை. ‘முதல் மெஷினே இப்படியா’ என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஆறும் அவரோடு இறங்கிப் போனது. சேதுராமன் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். யோகேந்திரன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான். பின்னாலேயே சேதுராமனும் எங்கோ போனார்.

இப்போது அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“எங்க போனீங்க மொதலாளி?” ஸக்கியா கேட்டாள்.

“பொலிஸுக்கு. சும்மா ஒரு என்ட்ரி போட்டுட்டு வந்தேன்.”

ஸக்கியா போட்டோகொப்பியை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

“என்னா புள்ள அப்படிப் பாக்குற? ஒரு பயம் காட்டத்தான். நம்ம ராஜலிங்கம் சொல்ற மாதிரி சாமானை மாத்தியிருந்தான்னா, பொலிஸ்னதும் கொண்டாந்து குடுத்துருவான்ல?”

“என்ன சொல்லிக் குடுத்தீங்க?”

“பேரு, ஊரு, மஹய்யாவை அட்ரஸ்.”

“ஊர் யாழ்ப்பாணமெண்டும் சொன்னீங்களா?”

சேதுராமன் கழுத்தை இன்னொரு முறை துடைத்தார். அவருக்குப் பொலிஸில் தெரிந்தவர்கள் உண்டு. பக்கத்துக் கடைக்காரன் சாக்கடையை அடைத்தாலும் அவர் போய்ப் புகாரென்று ஒரு என்ட்ரி போடுவார். இரண்டு தரப்பும் தேநீர் குடித்துச் சமாதானமாகித் திரும்புவார்கள். கண்டியில் பிறந்து வளர்ந்த கடைக்காரருக்குப் பொலிஸ் என்றால் அவ்வளவுதான். அதே வாசல் யோகேந்திரனுக்கு வேறு வாசல் என்பது அவர் புத்தியில் அந்த நேரம் ஏறவில்லை.

படியில் தடதடவென்று சத்தம். ஸக்கியாவின் அண்ணன் பாரூக், த்ரீவீலர் ஓட்டுபவன், மூச்சு வாங்க மேலே வந்தான்.

“தங்கச்சி, யோகுவ ஏத்திட்டுப் போய்ட்டாங்க. ரூமையும் கிண்டிட்டாங்க. அந்தப் பத்மா ராத்தா ரோட்டுல நின்டு அழுறாங்க.”

*

பொலிஸ் நிலையத்தில் இருந்த எஸ்.ஐ. கரலியத்த கெட்ட மனிதர் அல்ல. சிங்களத்தில் அமைதியாகத்தான் பேசினார்.

“முதலாளி, நீங்கள் திருட்டு என்று சொன்னீர்கள். நான் ஆள் அனுப்பினேன். அறையில் என்ன இருந்தது தெரியுமா? சோல்டரிங் அயன். வயர். ஒரு டைமர்.”

“அது அவன் தொழில் சாமான் சேர்.”

“அது எனக்கும் தெரியும். ஆனால் என் மேலதிகாரி குண்டுச் சாமான் என்று கொழும்புக்கு அறிவித்துவிட்டார். நாளை காலை அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள்.”

“நான் கேசைத் திரும்ப எடுத்துக்கிறேன் சேர்.”

“வெறும் வாயால் எடுத்தால், பயத்தில் எடுக்கிறீர்கள் என்று எழுதுவார்கள். ஒன்றும் திருடு போகவில்லை என்று காட்டுங்கள். அந்த மெஷினை ஓட வைத்துக் கொண்டுவாருங்கள். இவன் கடையின் டெக்னீஷியன், இவை இவன் தொழில் கருவிகள், பாகமெல்லாம் சரி என்று நான் எழுதலாம். திருட்டுப் புகார் இருக்கும்வரை என்னால் எதுவும் எழுத முடியாது.”

வெளியே வந்ததும் சேதுராமன் கூட வந்த ஸக்கியாவின் பக்கம் திரும்பினார்.

“நாளைக்குக் காலைலக்குள்ள ஓட வைக்கணுமே புள்ள. வேற டெக்னீஷியன யாரத் தேடுறது?”

“தேட வேணாம். எனக்குத் தாங்க.”

“உனக்கு?”

“கெட்டுப்போகுமெண்டு பயமா? அதான் ஏற்கெனவே செத்துப் போய் ஈக்குதே.”

*

செவ்வாய் பிற்பகல். ஸக்கியா மெஷினின் பக்க மூடியைக் கழற்றினாள். முதலில் கையை வைக்கவில்லை, பார்த்தாள். நீங்களும் அவளோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை சுத்தமாக இருந்தது. வயர்களெல்லாம் கறுப்பு நூலால் கட்டி ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. புரொசெசர் அதன் இடத்தில். நினைவகப் பலகைகளான இரண்டு ரெம்களும் தாழ்ப்பாள் விழுந்த நிலையில். திரைக்கான கார்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கியபடி. மதர்போர்டின் மூலையில், நேரத்தை நினைவில் வைக்கும் வட்டப் பற்றரி: ஒரு காசின் அளவு, எழுத்தேதும் இல்லாத மங்கிய வெள்ளி நிறம். அதைச் சுற்றி மெல்லிய வெண்தூள்.

“இதென்ன, மாவா?” விரலால் தொட்டு முகர்ந்தாள்.

“விபூதி” என்றான் ராஜலிங்கம். “புது மெஷினுக்கு யாழ்ப்பாணத்தான் பூசை போட்டிருக்கான். நம்ம வெளியில சந்தனம் வைப்போம், அவன் உள்ளுக்கே பூசிட்டான்.”

“யோகு அண்ணன் நெத்தியிலயே பூசமாட்டாரே. போர்ட்ல பூசுவாரா?”

“அப்ப நீயே கேட்டுக்க.”

“முதல்ல உங்களத்தான் கேக்கப் போறேன். காலைல அவர் போன பொறகு நீங்க எதத் தொட்டீங்க?”

“ரெம்மக் கழட்டி மறுபடி போட்டேன்.”

“வேற?”

“இல்ல.”

“ஏன் இல்ல?”

ராஜலிங்கம் கூரையைப் பார்த்தான். “எனக்கு ரெம் மட்டும்தான் தெரியும்.”

“அல்ஹம்துலில்லாஹ். நாலு மாசத்துல மொதத் தடவையா உண்மை பேசுறீங்க.”

அடுத்தது பாரூக். காலையில் யோகேந்திரனையும் மெஷினையும் கடைக்கு ஏற்றி வந்தவன் அவன்.

“நானா,” என்று அண்ணனைக் கூப்பிட்டாள், “பெட்டி எங்க ஈந்துச்சு?”

“யோகுட மடியில. குழந்தைப் புள்ள மாதிரி.”

“விழுந்துச்சா? இடிச்சுச்சா?”

“நான் ஓட்டுற வண்டியில எது இடிக்கும்?”

“கேட்டதுக்கு பதில்.”

“இடிக்கல்ல.”

“செக்பொயின்ட்ல?”

“தொறக்கச் சொன்னாங்க. தொறந்தாரு. ஒரு ஆமிக்காரன் துவக்கு மொனையால வயர ஒருக்காத் தூக்கிப் பாத்தாரு. கை வைக்கல்ல. போகச் சொன்னாரு.”

“ஏன் இன்டைக்கு லேட்டு?”

“ரவுண்டப் தங்கச்சி. வெள்ளனயே மஹய்யாவைய சுத்திட்டாங்க. ஆம்புளைகள எல்லாம் கிரவுண்டுக்குக் கொண்டுபோய் ஐடென்டிடி பாத்தாங்க. யோகுவும் அங்கதான் நின்டாரு. விட்டதும் ஓடி வந்தாரு, மொகம் கூடக் கழுவல்ல. பெட்டி மேசையில தொறந்து கெடந்துச்சு. மூடி, தூக்கிட்டு வந்துட்டாரு.”

“மறுபடி ஓட்டிப் பாக்கல்லையா?”

“எங்க நேரம்? மாஸ்டர் காத்துட்டு ஈப்பாரெண்டு பறந்தாரு.”

ஸக்கியா தலையாட்டினாள். பிறகு வேலையைத் தொடங்கினாள்.

கடையின் சொந்த உபயோகத்துக்கென்று ஒரு கம்பியூட்டர் இருந்தது. அதையும் யோகேந்திரன்தான் பூட்டியிருந்தான். கொழும்பில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய இரட்டைப் போர்டுகள். ஒன்று இதில், மற்றது அதில். ஸக்கியாவின் திட்டம் எளிமையானது. செத்த மெஷினின் பாகங்களை ஒவ்வொன்றாக உயிருள்ள மெஷினில் போட்டுப் பார்ப்பது. எது போனதோ அது காட்டிக்கொடுக்கும்.

ரெம்மை மாற்றினாள். ஓடியது. திரைக் கார்டை மாற்றினாள். ஓடியது. புரொசெசரைத் தூக்கும்போது சேதுராமன் கண்ணை மூடிக்கொண்டார். அதுவும் ஓடியது, திரையில் வந்த வேகம் பில்லில் எழுதியிருந்த வேகமேதான்.

“உங்கட மச்சான் சொன்ன புரொசெசர் இதான் மொதலாளி. கழட்டவும் இல்ல, விக்கவும் இல்ல.”

கடைசியாக ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் முழுதாக ஏற்றப்பட்டிருந்தது. அதற்குள் முந்திய நாள் மாலையில் சேமித்த ஒரு படம். பெயின்டில் கோணல்மாணலாக வரைந்த ஒரு வீடு, ஒரு பனை. கீழே மவுசால் எழுதிய ‘பத்மா’. எழுத்து சறுக்கிச் சறுக்கிப் போயிருந்தது. வாழ்க்கையில் முதல்முறை மவுஸ் பிடித்த கை.

“அவர் பொய் சொல்லல்ல” என்றாள் ஸக்கியா. “நேத்து வீட்டுல ஓடியீக்குது. அக்காவுக்குப் படம் கீற விட்டுக்கூட ஈக்கிறாரு.”

சேதுராமன் அந்தப் படத்தை நோக்கிக் குனிந்தார். “அப்ப திருடே இல்லையா? இல்லாத திருட்டுக்கா நான்...”

ராஜலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாகமெல்லாம் நல்லது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டும் உயிரில்லை. மிஞ்சுவது போர்டு. ஸக்கியா இரண்டு மெஷின்களையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாள். இரட்டைப் பிள்ளைகளில் எது எது என்று தேடுகிறவள்போல ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண்ணை நகர்த்தினாள். அதே சிப். அதே துளை. அதே வெள்ளைக் கோடு.

அதே பற்றரி?

கடை மெஷினின் பற்றரியில் பளபளவென்ற முகம், ஒரு கூட்டல் அடையாளம், கம்பெனியின் பெயர். புது மெஷினுடையதில் ஒன்றுமே இல்லை. வெறும் முதுகு.

நகத்தால் நெம்பி எடுத்தாள். புரட்டினாள். கூட்டல் அடையாளம் மேலே வந்தது. அப்படியே அழுத்தி வைத்துவிட்டு, பாகங்களைத் திரும்பப் பூட்டிச் சுவிட்சைப் போட்டாள்.

பீப்.

ராஜலிங்கம் கைதட்டினான். திரையில் எழுத்துகள் ஓடின. திகதி மட்டும் தவறியிருந்தது: 1980, ஜனவரி முதலாம் திகதி. பற்றரியின் தொடர்பு அறுந்ததும் மெஷின் நேரத்தை மறந்துவிட்டது.

சேதுராமன் அந்த எண்ணைப் பார்த்தார். “எம்பதா? கலவரம் வர்றதுக்கு முந்தி. காலம் அங்கயே நின்னிருக்கலாம்” என்றார்.

*

“சின்னப் பெட்டரி. இதுக்குப் போயா மெஷினே ஓடல்ல?” ராஜலிங்கத்துக்கு நம்பிக்கை வரவில்லை.

“சில போர்டுகள் அப்படித்தான். அது சரியா இல்லேன்டா உயிரே வராது. நாம எல்லாம் வெலை கூடின சாமானத் தேடினோம். இதப் பாத்தோம், ஆனா இருக்குதெண்டு மட்டும்தான் பாத்தோம். எப்படி இருக்குதெண்டு பாக்கல்ல.”

“அப்ப யோகேந்திரன் தலைகீழாப் போட்டிருக்கான். அவன் பிழைதான்.”

“இல்ல. போர்ட் வரும்போதே பற்றரி பூட்டித்தான் வரும். நேத்து ஓடியும் ஈக்குது. ராவைக்கும் காலைக்கும் நடுவுல யாரோ இதக் கழட்டி, மறுபடி வச்சிருக்கிறாங்க. வைக்கும்போது பக்கம் மாறிட்டுது.”

“எவன்?”

“கள்ளன் எண்டா கொண்டு போவான். கெடுக்க வந்தவன் எண்டா ஒடச்சுட்டுப் போவான். எடுத்துட்டு, அதே எடத்துல திருப்பி வச்சது யாரு? பயத்துல எடுத்து, நல்ல மனசுல வச்ச ஒரு ஆள்.” ஸக்கியா குரலைத் தாழ்த்தினாள். “மொதலாளி, இந்தப் பற்றரியப் பாத்து உங்களுக்குப் பயம் வருமா?”

“கீழ கடையில தொங்குது. இதுல என்னா பயம்?”

“உங்களுக்கு இல்ல. எனக்கும் இல்ல. யோகு அண்ணன் சொன்ன கதை மறந்துட்டீங்களா? சைக்கிளத் தலைகீழா வச்சு, பெடலச் சுத்தி, டைனமோவுல ரேடியோ கேட்டோமெண்டு சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னாரே. ஏன்? யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி போகக்கூடாது. தடை. ஒரு டோர்ச் பற்றரி கையில ஈந்தாலே கேள்வி.”

சேதுராமன் நிமிர்ந்தார்.

“வெள்ளன ரவுண்டப். தம்பி கிரவுண்டுல. வீட்டுல தனியா ஒரு ஆள். மேசையில மெஷின் தொறந்து கெடக்குது. ஆமி வீடு வீடா வருது. அந்த ஆள் யாழ்ப்பாணத்துல இருந்து வந்து இன்னம் வருசம் ஆகல்ல. கண்ணுக்கு முன்னால பற்றரி. அத எடுத்து ஒளிக்கிறாங்க. எங்க? ஆமிக்காரன் கை விடக் கூச்சப்படுற எடத்துல. சாமி தட்டுல, விபூதிக்குள்ள.”

“பத்மாதேவியா!”

“பத்மா அக்காதான்” என்றாள் ஸக்கியா. அதைச் சொன்ன பிறகு அவளுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. இத்தனை நேரமும் கண்டுபிடிக்க வேண்டும் என்று துடித்த துடிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

*

பொழுது சாய்வதற்குள் பாரூக்கின் வண்டியில் மஹய்யாவைக்குப் போனாள். அறையில் துணியெல்லாம் தரையில் கிடந்தது. பத்மாதேவி ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, மெஷின் ஓடுது. களவு இல்லெண்டு காட்டலாம்.”

“முருகா!” பத்மாதேவி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அப்ப நாளைக்கு விட்டுடுவாங்கள் தானே பிள்ளை?”

“இன்ஷா அல்லாஹ். அக்கா... காலைல ரவுண்டப்புல, மெஷின்ல நீங்க எதையும் தொட்டீங்களா?”

பத்மாதேவி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள்.

“தம்பிக்குச் சொல்லாதை, ஏசுவான். முந்தின நாள் ஒவ்வொண்டாக் காட்டினவன். இது பற்றரி, மெசினுக்கு நேரம் சொல்லுறது எண்டு. ஆமிக்காரர் முன்வீட்டுக்கு வந்திட்டாங்கள். எனக்குக் கை கால் ஓடேல்லை. கொண்டை ஊசியால கிளப்பி எடுத்து, திருநீற்றுக் குட்டானுக்கை, அந்தச் சின்ன ஓலைப் பெட்டிக்கை, தாட்டுப் போட்டன். அலுமாரி எல்லாம் கிண்டினவங்கள். குட்டானை ஒருத்தன் கும்பிட்டிட்டுப் போயிட்டான்.” இலேசாகச் சிரித்தாள். “போனாப் பிறகு திரும்ப வச்சிட்டன்.”

“இங்க பற்றரிக்குத் தடை இல்ல அக்கா.”

“தெரியும் பிள்ளை. கடையில தொங்குது, நானே பாத்தனான். தலைக்குத் தெரியும், கை கேக்காது. ஆனா ஒண்டு, அதை அவங்கள் கண்டிருந்தால் என்ர தம்பியைக் காலமையே கொண்டு போயிருப்பாங்கள். அதாலதான் கிரவுண்டில விட்டவங்கள்.”

ஸக்கியா ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். யோகேந்திரனுடையது. பற்றரி தலைகீழாகத் திரும்பிப் போனதை அவள் சொல்லவில்லை.

*

புதன் காலை. பொலிஸ் மேசையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. கரலியத்த பாகங்களை பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எல்லாம் சரி.

“என்ன பழுது?”

“பற்றரி தலைகீழாக இருந்தது” என்றாள் ஸக்கியா சிங்களத்தில்.

“யார் போட்டது?”

உண்மையைச் சொன்னால் அது இன்னொரு வழக்கு. தேடுதல் நேரத்தில், இராணுவத்தின் கண்ணிலிருந்து ஒரு பொருளை ஒளித்த யாழ்ப்பாணத்துப் பெண். ஸக்கியா சேதுராமனைப் பார்த்தாள். வழியில் இருவரும் ஒன்றும் பேசி வைத்திருக்கவில்லை.

“நான்தான் சேர்” என்றார் சேதுராமன். “தெரியாம நோண்டிட்டேன். என் தப்பை அவன் தலையில போட்டுட்டேன்.”

கரலியத்த பேனாவை எடுத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. எழுதினார். சொன்னபடியே நன்றாகத்தான் எழுதினார்: திருட்டு இல்லை, சாமான்கள் தொழிலுக்குரியவை. கையெழுத்து வைத்து முடிக்கும்போது வெளியே கொழும்பு ஜீப் வந்து நின்றது.

“சேர், அதான் கேஸ் இல்லையே?”

“உங்கள் என்ட்ரியை நீங்கள் திரும்ப எடுத்துவிட்டீர்கள் முதலாளி. ஆள் இப்போது உங்கள் என்ட்ரியில் இல்லை. அவர்களுடைய பட்டியலில் இருக்கிறான். என் கடிதம் அவனோடு போகும். அது உதவும். எப்போது என்று என்னிடம் கேட்காதீர்கள்.”

யோகேந்திரனைப் பின்வாசலால் ஏற்றினார்கள். அவனுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. வாசலில் காத்திருந்த பத்மாதேவி ஜீப்பின் பின்னால் சந்தி வரைக்கும் ஓடினாள். அவளைத் தாங்கிப் பிடிக்கப் போன சேதுராமனின் கையைத் தட்டிவிட்டாள்.

“தொடாதேங்கோ! நீங்கள்தானே காட்டிக் குடுத்தனீங்கள்!”

“ஆமாம்மா” என்றார் சேதுராமன். தெருவில் எல்லோரும் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு. “நான்தான்.”

*

கடிதம் உதவியது. ஆனால் அவனை விட்டது அடுத்த வருடச் சித்திரைப் புத்தாண்டு கழிந்த பிறகுதான். அதுவரைக்கும் சேதுராமன் சட்டத்தரணியைத் தேடிக் கொழும்புக்குப் போன பயணங்களை அவர் மனைவி எண்ணுவதை விட்டுவிட்டாள். பத்மாதேவி அவரோடு ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவரோடுதான் கொழும்பு பஸ்ஸில் போனாள்.

யோகேந்திரன் கடைக்கு வந்தது ஒரு மழை நாளில். மெலிந்திருந்தான். பக்கத்தில் அக்கா. சேதுராமன் ஓடிப்போய்க் கதிரை இழுத்துப் போட்டார். மேசையில் ஒரு புது மெஷின் பாகம் பாகமாகக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவனிடம் நீட்டினார்.

“ஒன் எடம் அப்படியே இருக்கு தம்பி.”

யோகேந்திரன் அதை வாங்கவில்லை.

“வேண்டாம் முதலாளி. நான் பூட்டினது ஓடேல்லை. இனிப் பூட்ட மாட்டன். ஏதும் டைப் பண்ற வேலை இருந்தாச் சொல்லுங்கோ.”

“டேய், ஒன் பிழை இல்லடா. அன்னைக்கு நீ வர்றதுக்கு முந்தி நான்தான் அந்தப் பெட்டரியை...”

“நான் வர முந்தி மெசினே இஞ்சை வரேல்லையே முதலாளி. என்ர மடியிலதான் வந்தது.” யோகேந்திரன் சிரித்தான். பழைய சிரிப்பு இல்லை. “எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ.” பிறகு ஸக்கியாவின் பக்கம் திரும்பினான். “தங்கச்சி, நீதான் திறந்து பாத்தனியாம். உள்ளுக்கு இருக்கேக்கை ஒவ்வொரு வயரா, ஒவ்வொரு ஸ்க்ரூவா நினைச்சுப் பாத்தன். பிடிபடேல்லை. நான் எங்கை பிழை விட்டனான்? அதை மட்டும் சொல்லு.”

ஸக்கியா வாய் திறக்குமுன் பத்மாதேவி முந்திக்கொண்டாள்.

“சொல்லு பிள்ளை. என்ர தம்பி பிழை விட மாட்டான். ஆர் செய்தது எண்டு எனக்கும் தெரியவேணும்.”

சேதுராமன் கவுண்டருக்குப் பின்னாலிருந்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையசைத்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் யோகேந்திரனுக்கு அவன் கைகள் திரும்பக் கிடைக்கும். அந்த மாதங்களெல்லாம் யாருடைய கொண்டை ஊசியில் தொடங்கின என்பதை அவனோடு சேர்ந்து அக்காவும் அந்த நொடியிலேயே தெரிந்துகொள்வாள். சொல்லாவிட்டால் அவள் நிம்மதியாக இருப்பாள். அவன் இனி ஒரு ஸ்க்ரூவையும் தொட மாட்டான். ஸக்கியாவுக்கு விடை தெரியும், ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சொல்லுங்கள், என்ன சொல்லியிருப்பீர்கள்?